சுய உதவிக் குழுக்களின் கோரிக்கையை மக்கள் பிரதிநிதியிடம் கொண்டு செல்லும் முறை

மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்புகளும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் கொடுக்கும் மனுக்கள் பெரும்பாலும் 'ஆவன செய்யவும்' என்ற குறிப்போடு ஏதோ ஓர் அலுவலகத்தில் தங்கிவிடுகின்றன. அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்காமல் மனு எழுதுவதே இதற்கு முதற்காரணம். கூட்டுறவுச் சங்கங்கள் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலங்கள் சட்டம் இயற்றும் துறைகளில் உள்ளவை. ஒன்றிய அரசு 2021-இல் தனிக் கூட்டுறவு அமைச்சகம் அமைத்த பிறகும், தமிழ்நாட்டுச் சங்கங்களை நடத்துவது 1983-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமே என்பதால், அவற்றின் குறைகளைச் சட்டமன்ற உறுப்பினரிடம் சொல்ல வேண்டும். வங்கித் தொழிலோ ஒன்றியப் பட்டியலைச் சேர்ந்தது. அதன் விதிகளை மாற்றக் கோருவதானால் நாடாளுமன்ற உறுப்பினரை அணுகுவதே பொருத்தம்.

அடுத்து, புதிய விதி வேண்டுமா, இருக்கும் விதி நடைமுறைக்கு வந்தால் போதுமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் உள்ள குழுக்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணையம் கேட்கக் கூடாது, சேமிப்புக் கணக்கை முடக்கக் கூடாது, வைப்புத் தொகை போடும்படி வற்புறுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி ஏற்கெனவே அறிவுறுத்தியிருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு கிளை, குழுவின் சேமிப்பை எடுக்க விடாமல் பிடித்து வைத்தால், அதற்காகக் கோட்டை வரை போக வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையில், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் ஏற்பாட்டில் நடக்கும் மாவட்ட அளவிலான ஆய்வுக் கூட்டத்துக்கு நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களை அழைத்தாக வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலே. எல்லா வங்கிகளின் அதிகாரிகளும் உட்கார்ந்திருக்கும் அந்த இடத்தில் உறுப்பினர் கேட்கும் ஒரு கேள்வி, பத்து மனுக்களைவிட விரைவாக வேலை செய்யும். ஆகவே கூட்டத் தேதியை முன்னோடி வங்கி மேலாளரிடம் முன்கூட்டியே கேட்டறிந்து, உறுப்பினர் கையில் குறிப்பைச் சேர்த்துவிடுங்கள்.

அந்தக் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எந்தக் கிளை, எத்தனை குழுக்கள், எவ்வளவு தொகை, எந்த நாளிலிருந்து, என்ன செய்ய வேண்டும் என்பவை மட்டும் அதில் இருக்கட்டும். கணக்குப் புத்தகத்தின் நகலைக் குழுவின் சம்மதத்தோடும் கணக்கு எண்ணை மறைத்தும் இணையுங்கள். கூட்டமைப்பின் தீர்மான நகலும் உடன் இருக்க வேண்டும். ஒரே ஊராட்சி ஒன்றியத்தின் ஊராட்சிகள் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளில் பிரிந்து கிடப்பது உண்டு என்பதால், ஒன்றியக் கணக்கை அப்படியே கொடுக்காமல், அந்தந்தத் தொகுதிக்கு உட்பட்ட ஊர்களை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுங்கள். தம் தொகுதி ஊர்ப் பெயர்களைப் பார்த்த பிறகே உறுப்பினரின் கவனம் தாளில் நிற்கும்.

கொள்கை மாற்றமே தேவை என்றால் காலம் முக்கியம். துறைக்கு நிதி ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கை சட்டப் பேரவையில் விவாதத்துக்கு வந்த பிறகு மனு கொடுப்பதில் பயனில்லை. நிதிநிலை அறிக்கை தயாராகும் மாதங்களிலேயே கொடுத்துவிட வேண்டும். முந்தைய ஆண்டின் கொள்கை விளக்கக் குறிப்பில் துறை அறிவித்து நிறைவேற்றாத ஒன்றைச் சுட்டிக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. ஒன்றிய அரசிடம் கேட்க வேண்டியதானால், மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டியிருப்பதால், கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள். எழுத்து மூலம் வரும் பதிலும் அடுத்த மனுவுக்கு ஆதாரமாகும்.

சந்திப்புக்கு நேரம் தருபவர் உறுப்பினரின் உதவியாளர்தான். அவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். மூவர் போனால் போதும், ஒருவர் பேசினால் போதும். பேசுபவர் பாதிக்கப்பட்ட குழுவை வழிநடத்தும் ஊக்குநராக இருந்தால், வங்கியில் நடந்ததைப் பற்றிய ஒவ்வொரு கேள்விக்கும் நேரடியாகப் பதில் சொல்ல முடியும். சால்வையும் புகைப்படமும் கிடைத்த பத்து நிமிடங்களைத் தின்றுவிடும், தவிர்ப்பது நலம். எதிர்க்கட்சி உறுப்பினரிடமும் இதே குறிப்பைக் கொடுத்து, அப்படிக் கொடுத்திருப்பதை இரு தரப்பிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். புறப்படும் முன் உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம் எந்த அதிகாரிக்குப் போகிறது என்று கேட்டு நகல் வாங்கிக் கொண்டு, ஒரு மாதம் கழித்து அக்கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு அந்த அதிகாரிக்கே நேராக எழுதுங்கள்.