வீட்டில் பைக்கைத் தூக்கி நிறுத்த எந்த ஜாக்கி வாங்கலாம்?

துறைமுகத்தில் கிரேன் மெயின்டனன்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். வீடு தண்டையார்பேட்டை. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இடம்தான் என் ஷெட். தெருப் பையன்கள் போனை நீட்டி, “அங்கிள், இந்த ஜாக்கி வாங்கலாமா?” என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தூக்கின பிறகு வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது எது, ஆயிலா, இரும்பா?

ஹைட்ராலிக் ஜாக்கி ஆயில் பிரஷரில்தான் நிற்கிறது. சீல் கொஞ்சம் தேய்ந்தாலோ, வால்வில் ஒரு பொடித் தூசி சிக்கினாலோ, சத்தமே இல்லாமல் இறங்கும். அதனால் தூக்கிய உயரத்தில் பல்லிலோ பின்னிலோ மாட்டிக்கொள்கிற லாக் கட்டாயம் வேண்டும். ஒரே உயரத்தில் மட்டும் லாக் விழுகிற ஜாக்கி பாதி ஜாக்கிதான். கடையிலேயே ஏதாவது ஒரு வண்டியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். லாக் போட்ட பிறகு வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். வண்டி லாக்கில் உட்கார்ந்து அப்படியே நிற்கணும். அப்புறம் ஹேண்டில்பாரைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். இதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை. பாரிமுனைப் பக்கம் கருவிக் கடைக்கா பஞ்சம்?

அடுத்தது எடை. கிளாசிக் 350 சுமார் 195 கிலோ, ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ. வண்டி எடையைப் போல இரண்டு மடங்காவது தாங்கும் என்று ஜாக்கியின் உடம்பிலேயே எழுதியிருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் இருக்கிற எழுத்து எனக்குக் கணக்கில்லை. சிலதில் பவுண்டில் போட்டிருப்பார்கள். 1000 பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிலோ, நம் வண்டிகளுக்கு அது போதும்.

வாங்குவதற்கு முன்னால் டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் பாருங்கள். என்ஜினுக்குக் கீழே ஃபிரேம் பைப் ஓடுகிறதா? ஓடினால், அந்தப் பைப்பில் ரப்பர் பேடு உட்கார்கிற மாதிரி, கத்திரிக்கோல் போல விரிந்து தூக்குகிற சிசர் ஜாக்கி வாங்கலாம். யமஹா எஃப்இசட் மாதிரி டைமண்ட் ஃபிரேம் வண்டிகளில் கீழே பைப் கிடையாது. ஜாக்கி நேரே என்ஜின் அடியில் முட்டும், சைலன்சர் பைப் வேறு குறுக்கே வரும். அவற்றுக்குப் பின் சக்கரத்துப் பேடாக் ஸ்டாண்டுதான் சரி. அது ஸ்விங் ஆர்மை, அதாவது பின் சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரும்புக் கையைப் பிடித்துத் தூக்கும். ஸ்விங் ஆர்மில் ஸ்பூல் (ஸ்டாண்டின் கொக்கி உட்கார்கிற சின்ன உருளை) மாட்ட ஓட்டை இருந்தால் ஸ்பூல் வகையை வாங்குங்கள், நழுவாது. முன்பக்கமும் ஸ்டாண்டு போடுவதாக இருந்தால் முதலில் பின்பக்கம், அப்புறம்தான் முன்பக்கம்.

ஜாக்கியை முழுக்கக் கீழே இறக்கினால் எவ்வளவு உயரம் என்றும் அளந்து பாருங்கள். கிளாசிக்கில் தரையிலிருந்து 170 மில்லிமீட்டர் இடைவெளிதான். அதற்குள் நுழையாத ஜாக்கியைப் பலகை வைத்து வண்டியை ஏற்றி நுழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாத வேலை.

டபுள் ஸ்டாண்டு இருக்கிற வண்டிக்குச் செலவே குறைவு. செயின் வேலை, பின் சக்கரம் எல்லாம் டபுள் ஸ்டாண்டிலேயே முடியும். முன் சக்கர வேலை என்றால் மட்டும், டபுள் ஸ்டாண்டு போட்டு, முன்பக்கம் சின்ன ஜாக்கி கொடுத்தால் போதும். டியூக், ஆர்15 மாதிரி டபுள் ஸ்டாண்டே இல்லாத வண்டிக்காரர்கள்தான் நல்ல பேடாக் ஸ்டாண்டுக்குக் காசு போடணும். மெக்கானிக் கடையில் இருக்கிற மேடை லிஃப்ட் நம் சந்து வீடுகளுக்கு ஆகாது. அதை வைத்தால் வீட்டுக்காரம்மா எந்த வழியாக உள்ளே போவது?

தரையை யாரும் கவனிப்பதில்லை. நம் வீடுகளில் தண்ணீர் வடிய வாசல் பக்கம் சரிவு விட்டிருப்பார்கள். சிசர் ஜாக்கியின் குட்டி இரும்புச் சக்கரம் டைல்ஸில் அந்தச் சரிவோடு போய்விடும். அதனால் திருகி இறக்கினால் தரையில் ஊன்றுகிற கால்கள் இருக்கிற ஜாக்கியாகப் பாருங்கள். முன் பிரேக் லீவரைப் பழைய டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டிவிடுங்கள். ஆக்சில் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே இளக்கிவிடுங்கள். தூக்கிய வண்டியில் ஸ்பேனரில் எம்பினால் எந்த ஜாக்கியும் ஆடும். முன் சக்கரத்தைக் கழட்டினால் பாரம் பின்னால் போகும், பின் சக்கரத்தைக் கழட்டினால் முன்னால் சாயும். அதற்குத்தான் சுவரில் ஆங்கர் போல்ட் அடித்து, இழுத்து இறுக்குகிற ஒரு ராட்செட் பெல்ட்டால் வண்டியைக் கட்டுவது.

வெல்டிங் பட்டறையில் ஸ்டாண்டு செய்து வாங்குவதும் நம் பக்கம் சகஜம். மோசமில்லை. ஆனால் பைப்பின் கனத்தை நேரில் பாருங்கள். வெல்டு சுற்றிலும் முழுசாக ஓடியிருக்க வேண்டும், நாலு பொட்டு வைத்து அதன்மேல் பெயிண்ட் அடித்தது கூடாது.

கடல்காற்றில் ஜாக்கியின் பளபளப்பான ராடில் சீக்கிரம் துருப் புள்ளி விழும். அந்தப் புள்ளிதான் சீலைக் கிழிக்கும். வேலை முடிந்ததும் முழுக்க இறக்கி, ராடில் லேசாக ஆயில் தடவி, லாக் பின்னுக்குக் கிரீஸ் வையுங்கள். அக்டோபர் மழை தொடங்கும் முன் தரையிலிருந்து எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டிவிடுங்கள்.