பட்ஜெட்டில் 'கூட்டினாங்க, குறைச்சாங்க' என்று எழுதுமுன்

பிப்ரவரி முதல் தேதி மதியம் ஆனால் போதும், திருப்பூரில் எங்கள் தொழில் சங்க ஆபீசில் நாலைந்து பிள்ளைகள் செல்போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். நிதியமைச்சர் பேசி முடித்த அரை மணி நேரத்தில் உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குக் குறிப்பு போயாக வேண்டும். ஜவுளிக்கு இத்தனை சதவீதம் கூட்டியிருக்கிறார்கள், அல்லது குறைத்திருக்கிறார்கள் என்று ஒரே வரி. பதினைந்து வருடமாக அந்தக் குறிப்பை எழுதியவன் நான். இன்று அவர்கள் செய்கிற பிழைகள் எல்லாமே என் கையெழுத்தில் பழைய ஃபைல்களில் இருக்கின்றன.

லட்சத்தையும் கோடியையும் மாற்றிப் போடுவது, மத்திய பட்ஜெட்டையும் மாநில பட்ஜெட்டையும் கலப்பது, இதெல்லாம் இரண்டாம் வருடத்தில் தானாகச் சரியாகிவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

எந்த எண்ணோடு எந்த எண்?

மத்திய அரசின் செலவுப் பட்டியலில் ஒவ்வோர் இனத்துக்கும் எதிரே நாலு எண்கள் இருக்கும். கணக்கு முடிந்துபோன வருடத்தின் உண்மைச் செலவு ஒன்று. நடப்பு வருடத்துக்குப் போன பிப்ரவரியில் போட்ட பட்ஜெட் மதிப்பீடு இரண்டாவது. அதையே இப்போது திருத்திச் சொல்லும் திருத்திய மதிப்பீடு மூன்றாவது. வரும் வருடத்துக்கான பட்ஜெட் மதிப்பீடு நாலாவது. நாலாவதை நடுவிலுள்ள இரண்டில் எதோடு ஒப்பிடுவது என்ற இடத்தில்தான் நான் விழுந்தேன்.

2023-24 பட்ஜெட்டில் ஜவுளி அமைச்சகத்துக்கு 4,389 கோடி ரூபாய். முந்தின பட்ஜெட்டில் 12,382 கோடி. கால்குலேட்டரில் தட்டினால் 65 சதவீதம் அடி. 'ஜவுளிக்கு மூன்றில் இரண்டு பங்கு வெட்டு' என்று குறிப்பு அனுப்பினேன். டெல்லிக்குக் கொண்டுபோக வேண்டிய மனுவிலும் அன்று சாயங்காலமே அந்த வரி முதல் பாராவாக ஏறிவிட்டது. நாங்கள் கேட்க நினைத்ததோ வேறு. இயந்திரம் வாங்கியதற்கான டஃப் (தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்ட) மானியம் பலருக்கு வருடக்கணக்காக நிலுவையில் கிடந்தது. அந்தக் கோப்புகளை முடித்துக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

அதே நாளில் வேறு சிலர் 'ஜவுளிக்கு 22 சதவீதம் உயர்வு' என்று எழுதியிருந்தார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை. 2022-23க்கான திருத்திய மதிப்பீடு 3,579 கோடி. அதோடு ஒப்பிட்டால் உயர்வுதான்.

சரி, 12,382 எப்படி ஒரே வருடத்தில் 3,579 ஆனது? பட்டியலைத் திறந்து உள்ளே பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதார விலைக்குப் பருத்தி வாங்கி விற்பதில் இந்தியப் பருத்திக் கழகத்துக்கு வரும் நட்டத்தை ஈடுகட்ட ஓர் இனம் உண்டு. அதற்கு மட்டும் முதலில் 9,243 கோடி போட்டிருந்தார்கள். திருத்தியபோது அது 782 கோடி. புதிய பட்ஜெட்டில் வெறும் ஒரு லட்சம் ரூபாய்.

ஒரு லட்சம் என்றதும் 'பருத்தி விவசாயியைக் கைவிட்டுவிட்டார்கள்' என்று சிலர் கொதித்தார்கள். கணக்குத் தலைப்பை உயிரோடு வைத்திருக்கப் பேருக்குப் போடும் தொகை அது. தேவை வந்தால், வருட நடுவில் நாடாளுமன்றத்திடம் கூடுதல் பணம் கேட்கும் துணை மானியக் கோரிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம். 2022 மே மாதத்தில் பஞ்சு விலை கண்டிக்கு (356 கிலோ) ஒரு லட்சத்தைத் தாண்டியதும், நூல் விலையைக் கண்டித்துத் திருப்பூரில் இரண்டு நாள் உற்பத்தியை நிறுத்தியதும் இந்த ஊரில் யாருக்கும் மறந்திருக்காது. சந்தை விலை ஆதார விலைக்கு மேலே நின்றால் கழகம் வாங்க வேண்டியதில்லை, நட்டமும் இல்லை. மூலனூரில் பருத்தி ஏலத்துக்கு ஒருமுறை போய் நின்றவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். எனக்குத்தான் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

பருத்தியைக் கழித்துவிட்டுப் பாருங்கள். மீதி இனங்களுக்கு முந்தின பட்ஜெட்டில் ஏறத்தாழ 3,139 கோடி, திருத்தியதில் 2,797 கோடி, புதியதில் 4,389 கோடி. எதோடு ஒப்பிட்டாலும் ஏற்றம்.

மனுவை முதலில் படித்துக் கேள்வி கேட்டவர் அவிநாசிப் பக்கம் ஜின்னிங் (பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஆலை) நடத்தும் பெரியவர் ஒருவர். “ஏனுங்க தம்பி, நம்ம மானியத்துக்குப் போன வருசத்தைவிடச் சேத்தித்தானே வெச்சிருக்காங்க? அப்புறம் வெட்டு வெட்டுன்னா எப்படிங்க?” என்றார். உண்மைதான். டஃப் இனத்துக்கு 650 கோடி இருந்தது 900 கோடி ஆகியிருந்தது. ஆனால் அவர் கேட்டபோது மனு டெல்லி போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே வாங்கிய அதிகாரி முதல் பாராவைத் தாண்டவில்லை. கணக்கைச் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி நேரம் கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. மானியத்தை நம்பிக் கடன் வாங்கித் தறி போட்டவர்கள் அந்த எட்டு மாதமும் வட்டி கட்டினார்கள்.

இன்றைக்கும் டிவி விவாதத்தில் ஒருவர் 'உயர்வு' என்றும் எதிரே இருப்பவர் 'வெட்டு' என்றும் கத்தும்போது எனக்குக் கோபம் வருகிறது. எந்த மதிப்பீட்டோடு ஒப்பிடுகிறோம் என்று இரண்டு பேருமே சொல்வதில்லை.

திருத்திய மதிப்பீட்டோடு மட்டும் ஒப்பிட்டால் போதுமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். போதாது. நூறு நாள் வேலைக்கு 2020-21இல் முதலில் போட்டது 61,500 கோடி. ஊரடங்கில் சனம் ஊர் திரும்பியதும் அது 1,11,500 கோடியாகத் திருத்தப்பட்டது. 2021-22க்கு 73,000 கோடி. முதல் எண்ணோடு பார்த்தால் 19 சதவீதம் கூடுதல், இரண்டாவதோடு பார்த்தால் 35 சதவீதம் குறைவு. அந்த 73,000 போதவில்லை, அதையும் 98,000 ஆக்க வேண்டி வந்தது. இங்கே திருத்திய எண் வேலை கேட்டு வந்தவர்களின் தேவையைக் காட்டியது. பருத்தியில் அது சந்தை விலையைத்தான் காட்டியது. அதனால் குறிப்பில் இரண்டு எண்ணையும் போடுங்கள், நடுவில் ஏன் மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியாவிட்டால் குறிப்பை அனுப்ப வேண்டாம்.

கணக்கு மாறியதா, செலவு மாறியதா?

2020-21இல் உணவு மானியம் 1,15,570 கோடியிலிருந்து 4,22,618 கோடியாகத் திருத்தப்பட்டது. ரேஷன் கடையில் அரிசி மூன்றரை மடங்கு ஆகிவிடவில்லை. இலவச தானியம் ஒரு காரணம். இந்திய உணவுக் கழகம் தேசிய சிறுசேமிப்பு நிதியில் வாங்கி வைத்திருந்த கடனை அடைத்து, பட்ஜெட்டுக்கு வெளியே கிடந்த சுமையை உள்ளே கொண்டுவந்தது பெரிய காரணம். தாவல் இவ்வளவு பெரிதாக இருந்தால் முதலில் அடிக்குறிப்பைப் படியுங்கள்.

அதே தொகை என்றால் அதே அளவா?

நூறு நாள் வேலைக்கு 2024-25க்கும் 86,000 கோடி, 2025-26க்கும் 86,000 கோடி. தமிழ்நாட்டில் தினக்கூலி 319 ரூபாயிலிருந்து 336 ஆனது. அதே பணத்தில் வேலை நாள் குறையும். இது குறைப்புதான்.

பல வருடத் தொகை

பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்காக்களுக்கு 4,445 கோடி என்பது 2027-28 வரைக்குமான தொகை. அதை ஒரு வருடத்துப் பட்ஜெட்டோடு சேர்க்காதீர்கள்.

சதவீதம் மட்டும்

போடாதீர்கள். ரூபாயும் வேண்டும்.

ஒதுக்கினால் செலவாகிவிடாது

2022-23க்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்பது 2024-25 பட்ஜெட்டில்தான் அச்சானது. அதற்குள் எல்லோரும் அடுத்த குறிப்புக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் ஆபீசில் இப்போது ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் 'உண்மைச் செலவு' என்று எழுதி எதிரே இடம் விட்டு ஃபைலில் போடுகிறோம். இரண்டு வருடம் கழித்து, முடிந்தால் எழுதிய பிள்ளையையே கூப்பிட்டு, அந்த இடத்தை நிரப்பச் சொல்கிறேன்.