வலிப்பு அறுவைக்கு முன் மொழி ஸ்கேன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்துக்கு அடங்காத வலிப்பில், அது கிளம்பும் இடத்தை அகற்றுவது பலருக்கு நல்ல பலன் தருகிறது. அந்த இடம் பெரும்பாலும் காதோரம் உள்ள டெம்போரல் மடல். இடது மடல் என்றால் பேச்சும் பெயர்களை நினைவுகூர்வதும் பாதிக்கப்படலாம். அதனால்தான் முன்கூட்டியே எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளை வேலை செய்யும்போதே படம் எடுக்கும் ஸ்கேன்) எடுத்து, மொழி எந்தப் பக்கம் என்று பார்க்கிறார்கள்.

ஸ்கேன் படத்தில் நிறம் தெரியும் இடத்தில்தான் மொழி இருக்கிறது, நிறமில்லாத இடத்தை வெட்டினால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. இந்த ஸ்கேன் நரம்புச் செல்களை நேரடியாகப் பார்ப்பதில்லை. வேலை செய்யும் இடத்துக்குக் கூடுதலாக வரும் ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தைத்தான் காட்டுகிறது. கவனத்துக்கும் நினைவுக்கும் உரிய இடங்களும் கூடவே ஒளிரும். எவ்வளவு மாற்றத்துக்கு மேல் நிறம் காட்ட வேண்டும் என்ற வரம்பைக் கணினியில் சற்று மாற்றினால் அதே நோயாளியின் வண்ணப் பகுதி சுருங்கும் அல்லது விரியும். பக்கம் அறிய இது உதவும். 2017-இல் அமெரிக்க நரம்பியல் அகாடமியும், டெம்போரல் மடலின் உட்புறத்தில் கிளம்பும் வலிப்பில் வாடா சோதனைக்குப் பதிலாக இதைப் பரிசீலிக்கலாம் என்றது. வாடா என்பது கழுத்துத் தமனி வழியே மருந்து செலுத்தி மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடம் செயலிழக்கச் செய்யும் சோதனை. ஆனால் கத்தி எங்கே நிற்க வேண்டும் என்பது வேறு கேள்வி. மொழிப் பகுதிக்கு அருகில் வெட்ட வேண்டியிருந்தால், மூளையின் மேற்பரப்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்ப்பதையே இன்றும் நம்புகிறார்கள்.

வலக்கைக்காரர்தானே, மொழி இடப்பக்கம்தான் என்று விட்டுவிடுவதும் சரியல்ல. ஆரோக்கியமான வலக்கையர்களில் சுமார் 95 சதவீதத்தினருக்கு அப்படித்தான். ஆனால் சின்ன வயதிலேயே இடப்பக்கம் பழுதாகி வலிப்பு வந்தவர்களுக்கு மொழி வலப்பக்கம் நகர்ந்திருக்கலாம், இருபக்கமும் பரவியிருக்கலாம்.

அடுத்தது, ஸ்கேனுக்குள் படுத்தபடி செய்யச் சொல்லும் பயிற்சி. சொற்களை ஒவ்வொன்றாக யோசித்து அடுக்கச் சொன்னால் மூளையின் முன்பகுதிதான் நன்றாக ஒளிரும். வெட்டப்போவதோ டெம்போரல் மடலை! கேட்டுப் புரிந்துகொள்வது, பொருளுக்குப் பெயர் சொல்வது போன்றவற்றையும் சேர்க்காமல் ஒரே பயிற்சியோடு முடிக்கக் கூடாது. வீட்டில் தமிழ் பேசுபவரை ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பதும், படிக்கத் தெரியாதவர் முன் எழுத்தை நீட்டுவதும் அநியாயம். தாய்மொழியில் சோதனை வேண்டும் என்று குடும்பத்தார் தயங்காமல் கேட்கலாம்.

முந்தைய நாள் வலிப்பு வந்திருந்தால் மறைக்காதீர்கள். ஸ்கேனுக்குச் சற்று முன் வந்த வலிப்பு படத்தையே மாற்றி, பக்கத்தைத் தவறாகக் காட்டக்கூடும். டோபிரமேட் போன்ற வலிப்பு மருந்துகள் சொல் தேடுவதை மந்தமாக்கும். எந்த மருந்து எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், பயிற்சிகளை ஸ்கேனுக்கு வெளியே ஒருமுறை செய்துபார்த்துவிட்டுப் படுப்பது நல்லது. உள்ளே போனபின் கேள்வி புரியாமல் சும்மா படுத்திருந்தாலோ தலையை அசைத்தாலோ வரும் படத்தை வைத்து எந்த மருத்துவரும் முடிவெடுக்க முடியாது.