மூணாவது வாரம் காணாம போறவங்கள ஜிம்ல எப்படி நிக்க வைக்கிறது

ஜனவரி 1-ம் தேதி நம்ம ஜிம்ல கால் வைக்க இடம் இருக்காது. பொங்கல் லீவு முடிஞ்சு ஷட்டர தூக்கி பாத்தா பழைய மொகம் பத்து பேரு தான் நிப்பாங்க, மீதி பேரு மூணு மாச ஃபீஸ மொத்தமா கட்டிட்டு வீட்ல கரும்பு கடிச்சிட்டு ஒக்காந்திருப்பாங்க. கடலூர் மஞ்சக்குப்பத்துல பன்னண்டு வருஷமா மாஸ்டரா நிக்கிறேன், வருஷா வருஷம் இதே கதை தான். மொதல்ல நானும் சோம்பேறிப் பசங்கன்னு திட்டிட்டு விட்டுட்டேன். ஒரு நாள் ரிஜிஸ்டர பொரட்டிட்டு இருக்கும்போது தான் ஒறச்சுது, நின்னு போனவங்கள்ல நெறைய பேரோட மொகமே எனக்கு ஞாபகம் வரல. வந்தாங்க, நாலு மிஷின காட்டினேன், அவ்ளோ தான் எனக்கும் அவங்களுக்கும் இருந்த பழக்கம். அப்புறம் எதுக்கு திரும்ப வருவாங்க. புதுசா மாஸ்டரா நிக்கப்போற தம்பிங்களுக்கும் தங்கச்சிங்களுக்கும் தான் இத எழுதறேன், சின்னதா ஜிம் போட்டு வாடகை கட்ட முழி பிதுங்கறவங்களும் படிக்கலாம்.

மொத நாள் வர்றவங்கள நேரா ட்ரெட்மில்ல ஏத்தி விட்டுட்டு போன் நோண்ட போயிடாதீங்க. ரெண்டு ப்ளாஸ்டிக் சேர் போட்டு இருவது நிமிஷம் பேசுங்க. பிபி இருக்கா, சுகர் இருக்கா, என்ன மாத்திரை, ஊசி போடறீங்களா, மாடிப்படி ஏறும்போது நெஞ்ச அடைக்குதா, மயக்கம் போட்டு விழுந்திருக்கீங்களா, முட்டி முதுகுல அடி பட்டிருக்கா, ஆபரேஷன் எதாவது, பொம்பளைங்கன்னா கொழந்தை பொறந்து எத்தன மாசம் ஆவுது, சிசேரியனா, இதெல்லாம் கேட்டு நோட்டுல எழுதணும். நெஞ்ச அடைக்குது மயக்கம் வருதுன்னு ஒருத்தர் சொன்னா மொதல்ல டாக்டர பாத்துட்டு வாங்கன்னு அனுப்பிடுங்க, அட்மிஷன் ஃபீஸ் போனா போவட்டும். சுகருக்கு இன்சுலின் போடறவரு, இல்ல சில மாத்திரை எடுக்கறவரு, சாப்பிடாம வந்து எக்சர்சைஸ் பண்ணா சுகர் சர்ருனு எறங்கிடும், கை நடுங்கும், கண்ணு இருட்டும். கவுண்டர் ட்ராயர்ல குளுக்கோஸ் பாக்கெட் இருக்கணும், மூணு ஸ்பூன் தண்ணில கலக்கி குடுத்து ஒக்கார வச்சு பதினஞ்சு நிமிஷம் கழிச்சு எப்படி இருக்காருன்னு திரும்ப பாக்கணும்.

இதெல்லாம் அட்மிஷன் ஃபார்ம்லயே இருக்கும். அதுல இல்லாத மூணு கேள்வி இருக்கு. என்ன ஷிஃப்ட்டு, எத்தன மணிக்கு தூங்கறீங்க, வீட்ல யாரு சமைக்கறாங்க. சிப்காட்ல நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு காலைல ஆறரைக்கு வர்றவரு கையில டெட்லிஃப்ட் ஷெட்யூல குடுத்தீங்கன்னா அவரு பார் மேலயே தூங்கிடுவாரு. அந்த வாரம் அவருக்கு லேசா குடுத்து அனுப்பிட்டு அடுத்த வாரம் ஜெனரல் ஷிஃப்ட் வரும்போது வெயிட்ட ஏத்துங்க. சமைக்கறது மாமியார்னா நீங்க எழுதி குடுக்கற டயட் சார்ட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டறதுக்கு தான் ஆவும், அந்த அம்மா என்ன செய்வாங்களோ அதுக்குள்ள தான் நாம வழி பாக்கணும்.

எடை பாக்கறத எல்லாரும் நிக்கிற எடத்துல வச்சு சத்தமா படிக்காதீங்க. டேப்ப வச்சு இடுப்பு சுத்தளவு எடுத்தா போதும், நம்ம ஊரு ஆம்பளைங்களுக்கு 90 செ.மீ., பொம்பளைங்களுக்கு 80 செ.மீ. தாண்டிச்சுன்னா உள்ள கொழுப்பு சேந்திருக்குன்னு அர்த்தம், கையும் காலும் குச்சியா இருந்தாலும் சரி. வாரத்துக்கு அரை கிலோ கொறஞ்சா நல்ல வேகம் தான். பத்து நாள்ல பத்து கிலோன்னு போர்டு வைக்கறவங்கள கண்டா நான் ரோட்டோட அந்தப் பக்கம் போயிடுவேன்.

இப்ப முக்கியமான விஷயம். மொத மூணு வாரம் கம்மியா குடுங்க. அவங்க கேக்கறத விட கம்மியா, உங்களுக்கே வெக்கமா இருக்கற அளவுக்கு கம்மியா. நான் சின்ன வயசுல வேல பாத்த ஒரு ஜிம்ல புதுசா வந்த காலேஜ் பையன மொத நாளே கெத்து காட்டறேன்னு இருநூறு ஸ்குவாட் போட வச்சாங்க, நானும் பக்கத்துல நின்னு எண்ணிட்டு இருந்தேன், அத சொல்லாம இருக்க முடியாது. ரெண்டு நாள் கழிச்சு அவன் அம்மா போன் பண்றாங்க, தொடை ரெண்டும் வீங்கி கல்லு மாதிரி இருக்கு, யூரின் டீ டிகாக்‌ஷன் கலர்ல போவுதுன்னு. தசை ஒடைஞ்சு அதுல இருக்கறது ரத்தத்துல கலந்து கிட்னிய போய் அடிக்கும், அது அந்த மாதிரி கேஸ். ஆஸ்பத்திரில சேத்து பொழச்சிட்டான். ஆனா இன்னைக்கு வரைக்கும் அவன் எந்த ஜிம்முக்கும் போனதில்ல. சாதாரண வலி ஒரு நாள் ரெண்டு நாள்ல உச்சத்துக்கு வந்துட்டு தானா எறங்கிடும், அத முன்னாடியே சொல்லி அனுப்புங்க, இல்லன்னா என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்து நின்னுடுவாங்க. வீக்கத்தோட யூரின் கலர் மாறினா மட்டும் ஒரு நிமிஷம் கூட காத்திருக்காம ஆஸ்பத்திரி.

கம்மியா குடுக்கறதுன்னா எப்படின்னு ஒண்ணு சொல்றேன். புதுப்பாளையத்துல இருந்து ஒரு அக்கா வந்தாங்க, அம்பது வயசு இருக்கும், தொப்பைய கொறைக்கணும்னாங்க. பின்னாடி ஒரு சேர போட்டு, மேல ரெண்டு குஷன் வச்சு, ஒக்காருங்கக்கா அப்படின்னேன்.

"ஒக்கார்றதுக்கா மாஸ்டர் ஃபீஸ் கட்டிட்டு வந்தேன்?"

"ஒக்காந்துட்டு கைய ஊனாம எழுந்திரிங்க பாப்போம்."

எழுந்தாங்க, முட்டி ரெண்டும் உள்பக்கம் சாஞ்சுது, குதிகால் தூக்கிச்சு, மொகம் வேற தரைய பாத்துச்சு. மூணு தப்பு. நான் ஒண்ணே ஒண்ணு தான் சொன்னேன், முட்டிய சுண்டுவிரல் பக்கமா தள்ளிட்டே எழுந்திரிங்கக்கான்னு. மூணாவது தடவ அதுவே சரியாச்சு, கூடவே குதிகாலும் ஒக்காந்துடுச்சு. எட்டு தடவ முடிச்சிட்டு அவங்களே சொல்றாங்க, "கோலம் போட்டுட்டு தரைல இருந்து எழுந்திரிக்க முடியல மாஸ்டர், சொவத்த புடிச்சிட்டு தான் எழுந்திரிக்கறேன்." அவங்க உண்மையா வந்த காரணமே அது தான், தொப்பைன்னு சொன்னது ஜிம்முக்கு வந்தா அப்படி தான் சொல்லணும்னு நெனச்சு. அடுத்த வாரம் ஒரு குஷன எடுத்தேன், அதுக்கப்புறம் இன்னொண்ண, அப்புறம் அஞ்சு கிலோ டம்பெல்ல நெஞ்சோட அணைச்சிகினு அதே சேர்ல. நோட்டுல நான் எழுதினது எடை இல்ல, குஷன் எத்தனைன்னு தான்.

தப்ப ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும் திருத்துங்க. தொடறதுக்கு முன்னாடி கேளுங்க, ஆம்பளையா இருந்தாலும் கேளுங்க, லேடீஸ்னா தொடாமலே நீங்க செஞ்சு காட்டி புரிய வைக்க முடியும். ஏய் அப்படி இல்லடான்னு மூலைல இருந்து கத்தற மாஸ்டருங்கள பாத்திருக்கேன், அந்த பையன் மறுநாள் வரமாட்டான்.

மூணு வாரம் தாண்டினவங்களுக்கு கணக்கு சிம்பிள். ஒரு வெயிட்ல எட்டு தடவ வருதா, அதயே வெச்சிகினு பன்னண்டு வர்ற வரைக்கும் போங்க, எல்லா செட்லயும் பன்னண்டு, செய்யற முறை கெடாம வந்துச்சுன்னா ரெண்டரை கிலோ ஏத்துங்க, திரும்ப எட்டுல இருந்து. இத வாரத்துல ரெண்டு நாளாவது பண்ணணும். நடக்கறது சைக்கிள் மிதிக்கறது எல்லாம் சேத்து வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பேச முடியணும் பாட முடியக்கூடாது, அந்த வேகம். பிபி இருக்கறவங்க மூச்ச அடக்கிட்டு தூக்கக்கூடாது, தூக்கும்போது மூச்ச வெளிய விட சொல்லுங்க.

நம்ம ஊருக்குன்னே ஒரு தொல்லை இருக்கு, புழுக்கம். கடல் பக்கத்துல காத்துல ஈரம் அதிகம், வேர்வை காயவே காயாது, காயலன்னா ஒடம்பு சூடும் எறங்காது. வேர்வை ஊத்துது கொழுப்பு கரையுதுன்னு ப்ளாஸ்டிக் ஜாக்கெட் மாட்டிகினு ஓடறவங்கள நிறுத்துங்க, கரையறது தண்ணியும் உப்பும் தான், ஒரு சொம்பு தண்ணி குடிச்சா எடை திரும்ப வந்துடும். சித்திரை வைகாசில சாயங்கால பேட்ச்ச ஆறரைக்கு மேல தள்ளிடுங்க. இன்னொண்ணு, உப்புக்காத்துல பார் துரு புடிக்கும், தேவனாம்பட்டினம் பக்கம் ஜிம் போட்டீங்கன்னா கேக்கவே வேணாம், வாரம் ஒரு தடவ ப்ரஷ்ஷால தேச்சு மெஷின் ஆயில் விட்டு தொடைங்க.

சாப்பாட்டுல நான் பெருசா எதையும் மாத்தறதில்ல. எடை தூக்கறவங்களுக்கு ஒடம்பு எடைல ஒரு கிலோவுக்கு 1.2 கிராம்ல இருந்து 1.6 கிராம் வரைக்கும் ப்ரோட்டீன் போதும், கிட்னி ப்ராப்ளம் இருந்தா டாக்டர் சொல்றது தான் கணக்கு. ஒரு முட்டைல ஆறு கிராம் இருக்கு, நூறு கிராம் மத்தி மீன்ல இருவது கிராம் கிட்ட இருக்கு. ஓ.டி. பக்கம், அதான் கடலூர் பழைய டவுன் பக்கம், மத்தி விக்கிற வெலைக்கு ப்ரோட்டீன் டப்பாவ வாங்கறவன பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். புரட்டாசிலயும் சபரிமலைக்கு மால போட்ட மாசத்துலயும் மீன் கெடையாது, அப்ப கொண்டக்கடலை சுண்டல், பச்சப்பயறு, தயிர், சோயா. பண்ருட்டிக்காரர் ஒருத்தர் முந்திரி நல்ல ப்ரோட்டீன் மாஸ்டர்னு கைப்பிடி கைப்பிடியா தின்னுட்டு எடை ஏறுதேன்னு அழுதாரு, நூறு கிராம் முந்திரில 550 கலோரி இருக்கு, ஏறாம என்ன பண்ணும். ஸ்டீராய்டு ஊசி கேட்டு வர்ற பசங்க இருப்பாங்க, மூணு மாசத்துல கையி பெருசாவணும்னு. இல்லன்னு சொல்லுங்க, எங்க கெடைக்கும்னும் சொல்லாதீங்க. ஹார்ட்டு, லிவரு, கொழந்தை பாக்கியம் மூணையும் அடிக்கற சாமான் அது. மாஸ்டரே பின்பக்கமா விக்கிற ஜிம்ல மத்த எதுவும் நேரா இருக்காது.

இனி கூட்டம். ஜிம்ல ஒரு கூட்டம் தானா சேந்துடும், அது நல்ல கூட்டமா இருக்கணும்னா நீங்க தான் பாத்துக்கணும். எங்கிட்ட இருக்கற சட்டம் கொஞ்சம் தான், ப்ளேட்ட எடுத்த எடத்துல வைக்கணும், பெஞ்ச தொடைக்கணும், அடுத்தவங்க ஃப்ரேம்ல வர்ற மாதிரி ரீல்ஸ் எடுக்கக்கூடாது, யாரோட ஒடம்ப பத்தியும் கமெண்ட் கூடாது, கட்சி சாதி வெளிய. கடைசி ரெண்டுக்கு ஒரு தடவ தான் வார்னிங், ரெண்டாவது தடவ ஃபீஸ திருப்பி குடுத்து அனுப்பிடுவேன். நல்ல வெயிட் தூக்கற, மூணு வருஷமா வர்ற ஒரு பையன அப்படி அனுப்பினேன், அவன் கூட நாலு பேரு போயிட்டாங்க, அந்த மாசம் வாடகைக்கு கடன் வாங்கினேன். ரெண்டு மாசத்துல லேடீஸ் பேட்ச் நெறைஞ்சுடுச்சு. அவன் இருந்ததால தான் வராம இருந்திருக்காங்க, எங்கிட்ட ஒருத்தர் கூட சொல்லல, நானும் கேக்கல.

புதுசா வர்றவங்கள ஒரு பழைய ஆளோட சேத்து விடுங்க. தம்பி, அண்ணன கொஞ்சம் பாத்துக்கன்னு ஒரு வார்த்தை போதும், அந்த தம்பிக்கும் பெருமையா இருக்கும். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாள், அப்ப கடலுக்கு போற அண்ணனுங்க வருவாங்க, அவங்களுக்கு நான் ரெண்டு மாச பாஸ் தனியா வச்சிருக்கேன். வல இழுத்து இழுத்து முதுகும் முன்கையும் இரும்பு மாதிரி இருக்கும், தோள தலைக்கு மேல தூக்க சொன்னா வராது, அவங்களுக்கு வெயிட்ட விட தோள லூஸ் பண்றது தான் வேல. ரம்ஜான் மாசத்துல நோன்பு தொறந்தப்புறம் வர்றவங்களுக்காக ராத்திரி ஒரு மணி நேரம் கூட தொறந்து வைங்க, பெரிய செலவு ஒண்ணும் ஆவாது.

மாசம் ஒரு ஞாயித்துக்கிழம ஜிம்முக்கு வெளிய கூட்டிட்டு போங்க. நாங்க சில்வர் பீச்ல நடப்போம், சில நேரம் பாண்டி போயி பீச் ரோட்ல, காலைல ஏழரை வரைக்கும் அங்க வண்டி விடமாட்டாங்க, நிம்மதியா நடக்கலாம். முடிச்சிட்டு இட்லி சாப்பிடுவோம், எத்தன இட்லின்னு நான் எண்ணமாட்டேன். வாட்ஸ்அப் க்ரூப் இருக்கட்டும், ஆனா குட்மார்னிங் படத்துக்கு தடை போடுங்க, ஒருத்தர் பழைய போட்டோவும் புது போட்டோவும் அவங்கள கேக்காம போடாதீங்க. 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் வந்து தென்பெண்ணைல வெள்ளம் போனப்ப அந்த க்ரூப்ல தான் யாரு வீட்ல தண்ணி, யாருக்கு பால் வேணும்னு ஓடுச்சு, ஒரு வாரம் எவனும் வொர்க்அவுட் பத்தி பேசல.

கவுண்டர்ல 108 நம்பர பெருசா எழுதி ஒட்டுங்க, நெஞ்ச அமுக்கற முதலுதவிய முறையா கத்துக்குங்க, நிமிஷத்துக்கு நூறுல இருந்து நூத்தி இருவது தடவ, அஞ்சு செ.மீ. ஆழம். வருஷம் ஒரு தடவ பழைய மெம்பருங்களுக்கும் சேத்து சொல்லி குடுங்க, நீங்க டீ குடிக்க போன நேரத்துல தான் ஒருத்தர் விழுவாரு.

வராதவங்களுக்கு போன் பண்றது எப்படின்னு சொல்லணும், இதுல தான் எல்லாரும் சொதப்பறாங்க. நாலு நாள் காணோம்னா கூப்பிடுங்க, ரெண்டு வாரம் விட்டுட்டு கூப்பிட்டா ஃபீஸ் கேக்கறான்னு நெனைப்பாங்க. ஏன் வரலன்னு கேக்காதீங்க, அது ஸ்கூல் ஹெச்.எம். கேக்கற கேள்வி. "அண்ணே, நாளைக்கு ஏழு மணிக்கு நான் இருக்கேன், இருவது நிமிஷம் வந்துட்டு போங்க" அவ்ளோ தான். வந்தா விட்ட எடத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க, வெயிட்ட பாதியா கொறைங்க, எங்க போனீங்கன்னு யாரும் நக்கல் அடிக்காம பாத்துக்குங்க.

சில பேரு நெசமாவே போயிடுவாங்க, நெய்வேலிக்கு ட்ரான்ஸ்ஃபர், கல்யாணம், பக்கத்து தெருவுல ஏசி ஜிம். மொகத்த தூக்கி வச்சிக்காதீங்க. அவங்க நோட்டு பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பி விடுங்க, அடுத்த மாஸ்டர் கிட்ட காட்ட சொல்லுங்க, எந்த முட்டி வலிக்கும், எந்த வெயிட்ல நிக்கிறாங்கன்னு அதுல இருக்கும்ல.