பிலிப்பைன்ஸுக்குப் போகும் மூத்த மிஷனரி தம்பதிகள் எங்கே சறுக்குகிறார்கள்?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து பிலிப்பைன்ஸுக்கு மார்மன் சபை ஊழியம் செய்யப் போகும் தம்பதிக்கு முதல் பாடம் வாடகை வீட்டின் சுவரிலேயே காத்திருக்கும். பிளக் பாயிண்ட் அமெரிக்காவில் இருப்பது போலவே இருக்கும், தட்டையான இரண்டு துளைகள். ஊரிலிருந்து கொண்டுவந்த ஹேர் டிரையர் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அங்கே வருவது 220 வோல்ட் மின்சாரம். அமெரிக்கச் சாமான் 120 வோல்ட்டுக்குச் செய்தது. போட்ட வேகத்தில் கருகிவிடும். போன், லேப்டாப் சார்ஜர்களில் ‘100-240’ என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. சூடாக்கும் சாமான்களையும் மோட்டார் உள்ளவற்றையும் அங்கேயே போய் வாங்கிக்கொள்வது மேல்.

இந்த நாட்டில் நேரும் மற்ற தவறுகளும் ஏறக்குறைய இதே ரகம்தான். ஆங்கிலம் புழங்குகிறது, தெருவுக்குத் தெரு பாஸ்கெட்பால், ஊருக்கு ஊர் மால். ஞாயிறு ஆராதனையும் சொந்த ஊரில் நடக்கும் அதே வரிசையில்தான் நடக்கும். எல்லாம் தெரிந்த இடம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

நான் சொல்வது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின், பொதுவாக மார்மன் என்று அறியப்படும் சபையின், மூத்த தம்பதிகளைப் பற்றி. வெள்ளைச் சட்டையும் டையுமாகத் திரியும் இளைஞர்களை எல்லோருக்கும் தெரியும். பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் சொந்தச் செலவில், 6 மாதம் முதல் 23 மாதம் வரை போவது அவ்வளவாகத் தெரியாது. வீடுவீடாகக் கதவு தட்டுவது இவர்களுடைய முதல் வேலை இல்லை. அலுவலகக் கணக்கு, இளம் மிஷனரிகளின் வாடகை வீடுகள், சின்னக் கிளைச் சபைகளுக்குத் துணை, நிவாரண வேலை என்று நாள் ஓடும்.

ஆகப் பெரிய தவறு, வேலையைத் தாமே எடுத்துக்கொள்வது. முப்பது நாற்பது வருடம் பள்ளியையோ அலுவலகத்தையோ கட்டி ஆண்டவர்களுக்குக் கை சும்மா இருக்காது. கிளையில் பியானோ வாசிக்க ஆளில்லை, போன தம்பதியில் மனைவிக்கு நன்றாக வாசிக்க வரும், உட்கார்ந்துவிடுகிறார். பதினெட்டு மாதம் பாட்டு அமோகம். அவர்கள் விமானம் ஏறிய அடுத்த ஞாயிறு பியானோ மூடிக் கிடக்கும். சுருதி தப்பினாலும் வாத்தியமில்லாமலே பாடட்டும் என்று விட்டுவிட்டு, வார நாட்களில் இரண்டு பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பதுதான் சரியான வேலை. வருகைப் பதிவேடு, கூட்டம் நடத்துவது எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பிலிப்பைன்ஸுக்கு இந்தச் சபையின் மிஷனரிகள் வந்தது 1961இல். இன்று அங்கே எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். கைபிடித்து நடத்த வேண்டிய குழந்தைச் சபை அல்ல அது.

இதில் இன்னொரு சிக்கல், யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். பெரியவர்களின் கையைப் பிடித்துத் தம் நெற்றியில் ஒற்றி வணங்கும் ஊர் அது. (அப்படிக் கையைத் தேடி வந்தால் குலுக்காதீர்கள், கொடுத்துவிடுங்கள்.) நரைத்த தலை ஒன்று “இப்படிச் செய்யலாமா?” என்று கேட்டால் மரியாதைக்காகவே “ஓபோ” (பணிவான ‘ஆமாங்க’) என்று தலையாட்டுவார்கள். அது சம்மதம் ஆகாது. “இதை நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். முன்னாள் மேலாளர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.

இளம் மிஷனரிகளின் வீட்டைப் பார்வையிடப் போகும்போது அம்மா அப்பா ஆகிவிடுவதும் வழக்கமான சறுக்கல். கொசுவலை கிழிந்திருக்கிறதா, கேஸ் டியூப் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், சாப்பிட ஏதாவது கொடுங்கள். அவர்கள் போட்டுவைத்த பாத்திரத்தைத் தேய்க்காதீர்கள், இரண்டு பையன்களுக்குள் சண்டை என்றால் பஞ்சாயத்துக்கு உட்காராதீர்கள். காய்ச்சல் என்று ஒருவன் படுத்திருந்தால் கைப்பையில் இருக்கும் ஐபுப்ரோஃபெனை நீட்டவே கூடாது. டெங்குவாக இருந்தால் அதுவும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு மிஷன் தலைவருக்குத் தகவல் சொல்லி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

பண விஷயம். உறுப்பினர் ஒருவர் கஷ்டம் சொன்னதும் பர்ஸைத் திறப்பவர்கள் உண்டு. மனது நல்லதுதான். ஆனால் அந்தக் குடும்பத்தின் நிலை தெரிந்த உள்ளூர்த் தலைவர் இருக்கிறார், உறுப்பினர்கள் உபவாசம் இருந்து தரும் காணிக்கையிலிருந்து உதவும் ஏற்பாடும் இருக்கிறது. அவரைத் தாண்டிக் கொடுத்தால் அவருக்கு மரியாதை போகும், அடுத்த வாரம் உங்கள் வாசலில் கூட்டம் நிற்கும். அதேபோல, ஏழை வீட்டில் கடையிலிருந்து வாங்கிவைத்த குளிர்பானத்தையும் ரொட்டியையும் “வேண்டாம், உங்களுக்கு ஏன் செலவு” என்று தள்ளுவதும் தப்பு. கொஞ்சமாவது சாப்பிடுங்கள்.

கணவன் மனைவி இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே மேசை, ஒரே கார், ஒரே அறை. ஓய்வுபெற்ற கணவர் சமையலறைக்குள் நுழைந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். அலுவலகத்தில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே வெயிலில் மதியம் ஒரு மணி நேரம் படுத்து எழுவதும் சோம்பேறித்தனம் அல்ல. இளைஞர்களின் கால அட்டவணை மூத்தவர்களைக் கட்டுப்படுத்தாது என்று சபையே சொல்கிறது.

புறப்படும் முன் மருத்துவக் காப்பீட்டையும் பார்த்துவிட வேண்டும். மெடிகேர் என்ற, முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் செலவைப் பொதுவாகத் தராது.

பேரப்பிள்ளைகளோடு பேசும் நேரத்தை ஒருமுறை குறித்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுவதும் நடக்கிறது. யூட்டாவில் ஞாயிறு மாலை 7 மணி என்றால் மணிலாவில் குளிர்காலத்தில் திங்கள் காலை 10, கோடையில் 9. அமெரிக்கா மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றும், பிலிப்பைன்ஸ் மாற்றாது. அந்த இரண்டு வாரங்களில் மட்டும் முந்தைய நாளே ஒரு செய்தி அனுப்பி நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.