ஓக் பலகைத் தரைக்குப் பெயின்ட் அடிக்கும் முன்பும் பின்பும்

அமெரிக்கா, கனடாவில் பழைய வீடு வாங்கியவர்கள் கார்ப்பெட்டைப் பெயர்த்ததும் அடியில் ஓக் பலகைத் தரை இருப்பதைப் பார்ப்பது உண்டு. பெயின்ட் வாங்கப் போகும் முன், மெஷினால் தேய்த்து வார்னிஷ் அடித்தால் அந்தத் தரை தேறுமா என்று பாருங்கள். தேறும் என்றால் பெயின்ட் வேண்டாம். ஓக் மரத்தில் நீள நீளமான நுண்துளைகள் உண்டு. அவற்றில் இறங்கிய பெயின்டைப் பின்னால் முழுதாக எடுக்கவே முடியாது. பலமுறை தேய்த்து மெலிந்துபோன தரை, நாயின் சிறுநீர் ஆழமாக இறங்கிக் கறுத்த தரை, வேறு மரத்தால் ஒட்டுப்போட்ட தரை என்றால் தயங்காமல் அடிக்கலாம்.

அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 1978இல்தான் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய வீடு என்றால், பழைய பூச்சில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள். அந்தத் தூசு குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்.

அடுத்த சோதனை, தரையில் முன்பு பூசிய மெழுகு பாலிஷுக்கு. வெள்ளைத் துணியை மினரல் ஸ்பிரிட்டில் (பெயின்டைக் கரைக்கும் தின்னர்) நனைத்து ஒரு மூலையில் தேயுங்கள். துணியில் மஞ்சளோ பழுப்போ ஏறினால் மெழுகு இருக்கலாம். துணி சுத்தமாக வரும்வரை துடைத்தெடுக்க வேண்டும். மெழுகின் மேல் எந்தப் ப்ரைமரும், அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சும், பிடிக்காது.

தேய்ப்பதன் நோக்கம் பளபளப்பைக் கொல்வதுதான், வெறும் மரம் தெரியும்வரை போகத் தேவையில்லை. பழைய வார்னிஷ் உரிந்த இடங்களில் 80 நம்பர் உப்புத்தாள், பிறகு தரை முழுக்க 120. எப்போதும் மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே விழுந்த கீறல் பெயின்டுக்கு மேலும் தெரியும். துருத்தும் ஆணிகளை 2 மில்லிமீட்டர் உள்ளே இறக்கி மக்கு (புட்டி) வையுங்கள். பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கை மட்டும் அடைக்காதீர்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது பலகை சுருங்கும், கோடையில் ஊதும், வைத்த மக்கு நொறுங்கி வெளியே வந்துவிடும். வேக்யூம் போட்ட பிறகு லேசாக ஈரமாக்கிய துணியால் துடைத்து, முழுதாகக் காயவிடுங்கள்.

இனி ப்ரைமர். வெள்ளையடித்த ஓக் தரை சில நாளில் மஞ்சளாகத் திட்டுத்திட்டாக மாறினால், காரணம் மரத்தில் இயல்பாகவே உள்ள டேனின் என்ற கறைப்பொருள். சாதாரணத் தண்ணீர்ப் ப்ரைமரின் ஈரம் அதைக் கரைத்து மேலே இழுத்துவிடும். அதன்மேல் எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் கறை திரும்ப வரும். கறையை அடைக்கும் ஆயில் ப்ரைமர்தான் இதற்கு மருந்து. தரைக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காய்ந்ததும் நகத்தால் சுரண்டுங்கள். உரிந்து வந்தால் பெயின்டைத் திறக்காமல் மறுபடி சுத்தம் செய்து தேய்க்கத் தொடங்குங்கள்.

பெயின்ட் தரைக்கென்றே வரும் இனாமலாக இருக்க வேண்டும். சுவர் பெயின்ட் மென்மையானது, நாற்காலிக் கால் அழுத்திய இடத்தில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். 12க்கு 12 அடி அறை என்றால் 144 சதுர அடி. ஒரு லிட்டர் சுமார் 100 சதுர அடிக்கு வரும் என்று வைத்தால், இரண்டு கோட்டுக்கு மூன்று லிட்டர் தேவை. ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) வாங்கினால் மீதியும் இருக்கும்.

ஓரங்களை இரண்டரை அங்குல பிரஷ்ஷால் முடித்துவிட்டு, குட்டை ரோம ரோலரில் நீளக் கம்பு மாட்டிக்கொள்ளுங்கள். கதவுக்கு எதிர் மூலையில் தொடங்கி, இரண்டு மூன்று பலகைகளை அவற்றின் முழு நீளத்துக்கும் அடித்து முடித்த பிறகே பக்கத்துப் பலகைக்குப் போங்கள். பாதியில் நின்று காய்ந்த ஓரத்தின் மேல் மறுபடி ரோலர் ஏறினால் பட்டை விழும். கோட் மெல்லியதாக இருக்கட்டும். தடித்த பூச்சு மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே நிற்கும், பிறகு சுருக்கம் விழும். அறை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆயில் சரக்கு என்றால் காஸ் வாட்டர் ஹீட்டரில் எப்போதும் எரியும் சின்ன பைலட் நெருப்பையும் அணைத்துவிடுங்கள்.

ஆயில் பெயின்ட் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே பரப்பிக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் தரை இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு நாள் கழித்துக் காலுறையோடு நடக்கலாம். நாலைந்து நாளில் கால்களுக்கு ஃபெல்ட் (மெத்தென்ற தடித்த துணி) ஒட்டிய சாமான்களைத் தூக்கி வைக்கலாம், இழுக்கக் கூடாது. விரிப்புக்கு ஒரு மாதம் பொறுங்கள். ரப்பர் அடி வைத்த விரிப்பு அதற்குப் பிறகும் வேண்டாம், அது பெயின்டில் கறையேற்றும்.