பூட்டு சரி, திறப்பு யாரிடம்?

போன மாதம் கிளிநொச்சியில் போன் திரை மாற்றக் கொடுத்தேன். "பூட்டுத் திறக்கக் கீறுகிற பற்றேனைச் சொல்லிவிட்டுப் போங்கோ அண்ணை, டச் வேலை செய்யுதா பாக்கவேணும்" என்றான் பெடியன். நானும் பில்லின் பின்பக்கத்தில் கீறிக் காட்டிவிட்டு வந்தேன். இரவு வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைத் திறந்தால், எங்கள் வீட்டிலேயே இல்லாத ஒரு கம்ப்யூட்டர் அங்கே குந்தியிருக்கிறது. உடனே வெளியேற்றினேன். நீங்களும் முதலில் அங்கே ஒருக்கால் போய்ப் பாருங்கள்.

வட்ஸ்அப் செய்திகள் 2016இலிருந்து முனைக்கு முனை மறைகுறியாக்கத்தில்தான் போகின்றன, அதாவது அனுப்புபவரின் போனிலும் பெறுபவரின் போனிலும் மட்டுமே திறக்கும் பூட்டு, வழியில் மறித்து வாசிக்க முடியாது, கம்பனியாலும் முடியாது. ஆகவே ஒட்டுக்கேட்க நினைப்பவர்கள் முனையைத்தான் பிடிப்பார்கள்: போன், அல்லது செய்திகளின் நகல் இணையத்தில் சேமிக்கப்படுகிற பேக்கப். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் பிடியாணை இல்லாமலே சோதனையிட்டுப் பொருட்களைக் கைப்பற்ற இடம் கொடுத்தது. இதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பற்றேனை விட்டுவிட்டு ஆறு இலக்கத்துக்குக் குறையாத பின் நம்பர் போடுங்கள், பூட்டிய திரையில் செய்தி தெரிவதையும் நிறுத்துங்கள்.

கனபேர் கோட்டை விடுவது பேக்கப்பில். வட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட் பேக்கப்புக்குள் போய் மறைகுறியாக்கத்தை நீங்களே போடவேண்டும், தானாக வராது. கடவுச்சொல் கேட்கும், அல்லது 64 எழுத்துத் திறப்பு ஒன்று தரும். தொலைத்தால் கம்பனியாலும் மீட்டுத்தர முடியாது. காணி உறுதி இருக்கிற பைலுக்குள் எழுதி வைக்கலாம் என்று அம்மா சொன்னா, ஆனால் சோதனை என்று வந்தால் முதலில் கிளறுவதே அந்தப் பைலைத்தானே! கடவுச்சொல்லாக மனதில் நிற்கிற நீளமான வசனம் ஒன்றே மேல்.

சரி, நீங்கள் பூட்டிவிட்டீர்கள். லண்டனில் இருக்கிற மச்சான்? அங்கே 2016ஆம் ஆண்டின் புலனாய்வு அதிகாரச் சட்டத்தின் கீழ் அரசு நெருக்கியதில், 2025 பெப்ரவரியில் ஆப்பிள் தனது இணையச் சேமிப்பான ஐக்ளவுட்டுக்கு, கம்பனியாலும் திறக்க முடியாத மேலதிகப் பாதுகாப்பை பிரித்தானியாவில் புதிதாக யாருக்கும் கொடுப்பதை நிறுத்தியது. அவர் வட்ஸ்அப் பேக்கப்பைப் பூட்டினாலும், முழு ஐபோனும் ஐக்ளவுட்டுக்குப் பேக்கப் ஆகிறது என்றால் உங்கள் கதை பூட்டில்லாமல் அங்கேயும் போய்ச் சேர்கிறது. அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

டெலிகிராமை நம்பி இருப்பவர்களுக்கு: அதன் சாதாரண சாட்டும் குழுக்களும் முனைக்கு முனை பூட்டப்பட்டவை அல்ல, 'இரகசிய சாட்' என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு.

அப்புறம், யார் யாரோடு எத்தனை மணிக்குக் கதைத்தார் என்பது வேறு விஷயம், வட்ஸ்அப்பின் பூட்டு அதை மறைக்காது. இதில் சிக்னல் என்ற செயலி எனக்குப் பிடிக்கும்: 2021இல் அமெரிக்க நீதிமன்ற அழைப்பாணை வந்தபோது கணக்குத் தொடங்கிய நாளையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர அவர்களிடம் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பதிவது உங்கள் சிம் நம்பர், சிம் இருப்பது அடையாள அட்டையில்.

மச்சான் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தால், இரண்டு போனிலும் வட்ஸ்அப்பில் மற்றவரின் பெயரைத் தட்டி மறைகுறியாக்கத்தைத் திறந்து, அந்தக் கியூஆர் கோட்டை ஆளுக்காள் ஸ்கேன் செய்துவிடுங்கள். பிறகு அந்தக் குறியீடு மாறியதாக அறிவிப்பு வந்தால், எழுதுவதை நிறுத்திவிட்டு, போன் மாற்றினீர்களா என்று குரலில் கேளுங்கள்.